பார்சல் கிடங்கில் இரண்டு வருடம்

ஜனவரி 6

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அண்ணன் எழுதித் தரவில்லை, அண்ணி எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன். இந்த வரியை இரண்டு முறை படித்துக்கொள். நான் ஐந்து முறை படித்தேன்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் காலையில் எழும்போது கொஞ்சம் பிடிவாதம் செய்கிறது. அண்ணனும் அண்ணியும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நூலகத்து மாடியில் சாயங்கால வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன் அல்லவா, எட்டு மாதம் முடிந்தது. சொல்லிக் கொடுக்கிற நர்சம்மா ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆனாலும் ஊசி போடுகிற கண்டிப்பு மட்டும் போகவில்லை. போன வாரம் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "இனிமே என்னையே பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க. யாருக்காவது லெட்டர் எழுதுங்க" என்றார். யாருக்கு என்று யோசிக்கவே இல்லை.

இனிமேல் நீ போன் செய்யாதே. போனில் பேசிவிட்டால் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

எழுத்து தெரிந்த பிறகு தெருவில் நடக்க நேரமாகிறது. பலகை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றுவிடுகிறேன். பல் டாக்டர் வீட்டுச் சுவரில் ரொம்ப வருடமாக ஒரு பலகை இருக்கிறதே, அதில் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பலகைக்கு அடியில்தான் இத்தனை நாள் என் சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மகள் காலேஜில் என்ன பாடம் எடுக்கிறாள் என்று கேட்டால் 'பணிவாழ்க்கைத் திறன்' என்கிறேன். அப்படியென்றால் என்ன என்று மேலே கேட்டால் இருமிவிடுகிறேன். எனக்கே தெரியவில்லை. வேலையில் சேர்ந்தால் வேலை தானாகப் பழகிவிடாதா? அதை எப்படி நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லித் தர முடியும்? எழுது.

இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. விரல்தான் வலிக்கிறது.

உன் அப்பா


ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எங்க அப்பா எழுதியிருக்கார் என்றேன். அதற்கா அழுகிறீர்கள் என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது?

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு டாக்டர் கொடுத்த தைலம் தீர்ந்துவிட்டதா, பாருங்கள்.

என் பாடம் இதுதான். கணக்கு, வரலாறு, வேதியியல் என்று எது படித்தாலும் மூன்றாம் வருடம் எல்லோரும் என் வகுப்புக்கு வர வேண்டும். நான்கு பேர் ஒரு வேலையைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொள்வது, மேலே இருப்பவரிடம் முடியாது என்று சொல்வது, நடந்ததை நடந்தபடி அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பது, இப்படி. போன வாரம் மேசையைத் திருப்பிப் போட்டு, இது பார்சல் அலுவலகக் கவுண்டர் என்றேன். ஒரு மாணவனுடைய பார்சல் காணோம். அவன் கத்த வேண்டும், ஒரு மாணவி பதில் சொல்ல வேண்டும். அவள் மூன்று முறை மன்னிக்கணும் சார் என்றாள். நான்காவது முறை அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள். வகுப்பே சிரித்தது. நான் போய் அவள் இடத்தில் நின்று காட்டினேன். முதலில் பெயரைக் கேள். பிறகு பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேள். சொல்லச் சொல்ல எழுது. எழுதிக்கொண்டிருப்பவர் முன்னால் யாரும் ரொம்ப நேரம் கத்த முடியாது.

இதை எங்கே கற்றேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். மூன்று வருடமாகத் தற்காலிகமாக இருக்கிறேன். இந்த வருடம் என்னை நிரந்தரமாக்குவது பற்றி ஒரு குழு முடிவு செய்யப்போகிறது. அதற்காக உங்கள் பெயருக்கு ஒரு தாள் வரும். சாதாரணத் தாள்தான். நீங்கள் சிரமப்பட வேண்டாம், அப்படியே அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் மகள்


பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். தைலம் தீரவில்லை, எங்கே வைத்தேன் என்பதுதான் தெரியவில்லை.

தாள் வந்துவிட்டது! உறையின் மேலே என் பெயர். என் பெயருக்கு இதுவரை வந்த தபால் எல்லாம் யாரோ பிரித்து, யாரோ படித்து, எனக்கு ஒரு வரியில் சொன்னவை. இதை நானே பிரித்தேன். கத்தியால், ஓரம் கிழியாமல்.

அண்ணன் லிஃப்ட் ரிப்பேருக்கு வெளியூர் போயிருக்கிறான், வர நான்கு நாள் ஆகும். அதுவரை சும்மா வைத்திருப்பானேன் என்று படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. அச்சு பொடியாக இருக்கிறது. முதல் கேள்வியில் உன் பெயர். இரண்டாவதில் கம்பெனி பெயர். நம் பார்சல் கம்பெனி! மூடி ஆறு வருடம் ஆன கம்பெனியின் பெயரை இன்னும் அச்சடிக்கிறார்கள். மூன்றாவதில் என்னை உனக்கு 'மேலதிகாரி' என்று போட்டிருக்கிறது. அண்ணியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "அப்ப இனிமே குளிச்சிட்டுத்தான் சாப்பிட உக்காரணும், மேலதிகாரி" என்றாள்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. நீ அங்கே சாப்பாடு கொண்டு வருகிறவளாகத்தானே வந்தாய்? அது கேள்வி நான்கில் இருக்கும் என்று நினைக்கிறேன். நாளைக்குப் படிப்பேன்.

உன் அப்பா


பிப்ரவரி 8

அப்பா,

அவசரமாக எழுதுகிறேன். நலம்தான்.

நீங்கள் தாளைப் படிக்க வேண்டாம். கண்ணுக்குக் கஷ்டம். நான்கு முதல் ஏழு வரை எல்லாவற்றிலும் 'ஆம்' என்கிற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போடுங்கள். அவ்வளவுதான். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அண்ணன் வந்ததும் அவனே தபாலில் சேர்த்துவிடுவான். கடைசித் தேதி பிப்ரவரி 28.

தயவுசெய்து.

உங்கள் மகள்


பிப்ரவரி 15

அன்பு மகளுக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. உனக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

நூலகத்தில் புது நாற்காலிகள் வந்திருக்கின்றன. நர்சம்மா என்னை உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். எதிர் வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அண்ணியின் மிக்ஸி கெட்டுவிட்டது. லிஃப்ட்டையே சரிசெய்கிறவன் வீட்டில் மிக்ஸி மூன்று வாரமாக மூலையில் கிடக்கிறது.

அண்ணன் வந்துவிட்டான். தாளைக் கேட்டான். இன்னும் படித்து முடிக்கவில்லை என்றேன். "நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அவ ரிட்டயரே ஆயிடுவா" என்றான். முடிக்காமல் இல்லை. எப்போதோ முடித்துவிட்டேன். இப்போது திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கேள்வி நான்கு: ஆவண உதவியாளர் என்ற பதவியில் இரண்டு வருடம் இருந்தாரா? கேள்வி ஐந்து: நிறுவனத்தின் பணியாளர் பதிவேட்டில் இவர் பெயர் இருந்ததா?

அம்மா, அப்படி ஒரு பதவி நம் கிடங்கில் கிடையாது. பதிவேட்டில் உன் பெயரும் கிடையாது. என் பெயருக்குக் கீழே லோடு தூக்குகிறவர்கள் ஏழு பேர், அவ்வளவுதான். நீதானே மாதா மாதம் அதைப் படித்துக் காட்டுவாய்.

தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால்பெட்டி வரை போகிறேன், திரும்பி வருகிறேன். இன்றைக்கு மட்டும் மூன்று தடவை. ஏன் இப்படி எழுதினாய் என்று மட்டும் சொல். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பள்ளி முடித்த பிறகு காலேஜில் சேர எனக்கு இரண்டு வருடம் ஏன் ஆயிற்று? இதை எல்லா நேர்முகத்திலும் கேட்பார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் முதல் நேர்முகத்தில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த ரெண்டு வருஷம் சும்மா வீட்ல இருந்தீங்களா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? எங்க அப்பாவுக்கு எழுதத் தெரியாது, அவருக்குப் பதிலாக நான்தான் கிடங்குப் பதிவேட்டை எழுதினேன் என்றா? அப்போது நீங்கள் அங்கேதான் வேலையில் இருந்தீர்கள். அந்தக் கண்ணாடிக்காரருக்கு உங்கள் முதலாளியைத் தெரிந்திருந்தால் மறுநாளே உங்களை அனுப்பியிருப்பார்கள்.

அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். ஆவண உதவியாளர். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அது ஒட்டிக்கொண்டே வந்தது. இங்கே இந்தப் பாடம் எடுக்கிறவருக்குக் கல்லூரிக்கு வெளியே இரண்டு வருட வேலை அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி. என்னிடம் இருப்பது அந்த இரண்டு வருடம்தான். உங்கள் தாள் இல்லாவிட்டால் இந்த வேலை இல்லை.

என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். படிப்பை ஒரு வருடம் நிறுத்திவிட்டு வந்தவள். அந்த வருடத்தை எப்படி எழுதுவது என்று கேட்டாள். மறைக்காதே, நேராகச் சொல் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

சொன்னது பொய்தான். ஆனால் வேலை செய்தது பொய்யா அப்பா? டிக் போட்டு அனுப்பிவிடுங்கள். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

உங்கள் மகள்


பிப்ரவரி 25

அன்பு மகளுக்கு,

எல்லோரும் நலம்.

இன்று காலையில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நானே வரிசையில் நின்றேன். அனுப்புநர் பெயரையும் நானே எழுதினேன். உள்ளே நான் எழுதியதை அண்ணனுக்குக் காட்டவில்லை. உனக்கும் இப்போது சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


மார்ச் 30

அப்பாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று அண்ணி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை குழு கூப்பிட்டது. ஐந்து பேர். நீளமான மேசை. என் துறைத்தலைவி உங்கள் படிவத்தைக் கையில் வைத்திருந்தார். நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று டிக். ஐந்தாவதுக்கும் 'இல்லை'. அதோடு ஒரு தனித்தாள். "இதை நான் படிக்கட்டுமா, நீங்களே படிக்கறீங்களா?" என்று கேட்டார். என் கை மேசைக்கு மேலே வரவில்லை. அவரே படித்தார். பிறகு நகல் வாங்கிப் பலமுறை படித்தேன், நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடமாகிவிட்டது:

'பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று எழுதப் படிவத்தில் இடம் விடவில்லை, அதனால் இந்தத் தாள். எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. மூட்டை தூக்கச் சேர்ந்தவன் நான். எந்த மூட்டை எங்கே என்று மனதிலேயே வைத்திருந்ததால் என் ஐம்பத்துமூன்றாம் வயதில் கிடங்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். எழுதத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருடம் எனக்காக இரு என்றேன். தினமும் சாப்பாடு கொண்டுவருகிற மாதிரி வந்து, பதிவேடு, ரசீது, புகார்க் கடிதம் எல்லாம் அவள்தான் எழுதினாள். அவள் ஏன் காலேஜுக்குப் போகவில்லை என்று கேட்டவர்களிடம், கணக்கில் தோற்றுவிட்டாள் என்று சொன்னேன். அவள் தோற்கவில்லை. கம்பெனியில் எழுத்தர் ஒருவரும் கம்ப்யூட்டரும் வந்த பிறகுதான் அவளை விட்டேன். இல்லாத பதவியை அவள் எழுதியது தவறு. அதை எழுதி அவள் மறைத்தது என்னை.'

படித்து முடித்ததும் ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். துறைத்தலைவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இது உண்மையா?" ஆமாம் என்றேன். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் அந்த வராந்தாவின் இரண்டு கோடிக்கும் நடந்தேன். முடிவைப் பிறகு தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னும் தெரிவிக்கவில்லை. வகுப்பு எடுக்கிறேன், என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

நான் உங்களிடம் கேட்டது ஒரு டிக், அப்பா. பதினெட்டு வருடமாக வெளியே வராத விஷயத்தை முன்பின் தெரியாத ஐந்து பேர் முன்னால் விரித்துப் போட்டுவிட்டீர்கள். எனக்காகச் செய்தீர்களா, உங்களுக்காகவா?

மகள்


ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படிக்க முன்னைப்போல நேரம் ஆகவில்லை. மெதுவாகவே படிக்கிறவனாக இருந்திருக்கலாம்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. என்னைப் பார்த்துப் பேச வேண்டியதை அண்ணியைப் பார்த்துப் பேசுகிறான். "கண்ணு திறந்ததும் மொத வேலையா வீட்டுப் பொண்ணு சோத்துலயே கைய வெச்சாரு" என்று நேற்றுச் சொன்னான்.

எனக்காகவா உனக்காகவா என்று கேட்டாய். பொய் சொல்லாமல் எழுதுகிறேன். டிக் போடத்தான் பேனாவைத் திறந்தேன். நான் இதுவரை கையெழுத்துப் போட்ட தாள் எத்தனையோ. வேலையில் சேர்ந்தபோது, வீட்டுக்கு வாடகை பேசியபோது, உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது. ஒன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. காட்டிய இடத்தில் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து நான் கையெழுத்துப் போடப்போகிற முதல் தாள் இது. அதில் பொய்யை வைத்து மூட மனம் வரவில்லை. அது எனக்காக.

கணக்கில் தோற்றாள் என்று சொன்னதை எழுதியது உனக்காக. அந்த வருடம் உன் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் யாரோ உன்னை, "கணக்குல கோட்டை விட்டவளா?" என்று கேட்டார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். நீ தலையாட்டினாய். அதைப் பற்றி நாம் இதுவரை பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் தோற்கவில்லை, நான்தான் அவளை நிறுத்தி வைத்தேன் என்றேன். அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமாச்சா?" என்றாள். பிறகு சித்தப்பா வீட்டுக்கும் போனேன். இன்னும் மூன்று வீடு பாக்கி. எல்லாவற்றுக்கும் போய் வருவேன்.

ஆனாலும் வீட்டில் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. அன்றைக்கு உன்னிடமிருந்து இரண்டு வருடத்தை எடுத்தேன். இப்போது வேலையையும் எடுத்துவிட்டேனா? தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலுக்குப் போய்விடுகிறேன். பொல்லாத செய்தி என்றாலும் எழுதிவிடு.

சாப்பிடாமல் இருக்காதே.

உன் அப்பா


மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உண்மையாகவே நலம். போன கடிதத்தில் நலம் கேட்காமலே முடித்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முடிவு வந்தது. இந்த வருடம் நிரந்தரம் கிடையாது. தவறான தகவல் கொடுத்ததற்காக என் கோப்பில் ஒரு குறிப்பு சேர்ந்திருக்கிறது. அது அங்கேயே இருக்கும். வேலையை எடுக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் தற்காலிகம். துறைத்தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேலை பாத்திருக்கீங்க. அதுல எங்களுக்குச் சந்தேகமில்லை. பாத்த வேலையை அப்படியே எழுதி மறுபடி விண்ணப்பம் போடுங்க. ஆனா இந்தத் தடவை உங்க வாயால ஒரு பதவி கண்டுபிடிக்காதீங்க" என்றார். விதியில் 'ஊதியம் பெற்ற வேலை' என்று இல்லை, 'மேற்பார்வையாளர் உறுதி செய்த வேலை' என்றுதான் இருக்கிறதாம். அதை அவர்தான் குழுவில் எடுத்துச் சொன்னாராம்.

கடைசி வகுப்பில் உங்கள் தனித்தாளின் நகலை வாசித்தேன். யாருடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கை தூக்குகிறவன் அன்று தூக்கவில்லை. நான் சொன்ன அந்த மாணவிதான் கேட்டாள்: "எங்களுக்கு நேராச் சொல்லுன்னு சொன்னீங்களே மேடம், அப்ப நீங்க சொல்லலையா?" சொல்லவில்லை என்றேன். பயமா இருந்துச்சா என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் அன்றைய பாடம். மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது, எழுந்து போகலாம் என்றேன். யாரும் போகவில்லை. ஒவ்வொருவராக, எங்கே எதை மறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். விடுமுறையில் மாமா கடையில் நின்றது, அம்மாவோடு துணி தேய்த்தது. வேலை என்று எழுத வெட்கப்பட்டு ஒதுக்கியதெல்லாம் வந்தது. கரும்பலகையில் இடம் போதவில்லை.

உங்கள் மேல் இருந்த கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் போய்விட்டது.

புதுப் படிவம் இதனுடன் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் எழுதுவதை மாற்றவும் மாட்டேன். ஜூன் பத்துக்குள் அனுப்பினால் போதும். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்


மே 17

அன்பு மகளுக்கு,

அண்ணன் பேசிவிட்டான். மிக்ஸியையும் சரிசெய்துவிட்டான். வீட்டில் எல்லோரும் நலம். நான் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன், முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தை ஒன்பது நாளில் எழுதி முடித்தேன். மற்றதெல்லாம் எழுத ஒரே நாள்தான். 'பதவியின் பெயர்' என்கிற ஒரு கட்டத்துக்குத்தான் எட்டு நாள்.

அண்ணன், "உதவியாளர்னு போடுங்க, பிரச்சனை இருக்காது" என்றான். நர்சம்மா எழுத்தர் என்று போடலாம் என்றார். இரண்டையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாக இல்லை. உதவி செய்கிறவர் என்றால், சொன்னதைச் செய்கிறவர். நீ சொன்னதைச் செய்தவள் இல்லை. கண்ணாடிப் பெட்டிகள் ஏற்றிய லாரி வாசலில் சாய்ந்து நின்ற அன்றைக்கு ஞாபகம் இருக்கிறதா? டிரைவர் என்னைப் பார்த்தார். லோடுக்காரர்கள் ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ பட்டியலைப் பார்த்து எதை முதலில் இறக்க வேண்டும், யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொன்னாய். இறக்கினோம். நானும்தான் இறக்கினேன். ஒன்றும் உடையவில்லை. சாயங்காலம் முதலாளி வந்து என் முதுகில் தட்டினார். நீ காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாய்.

அதனால் பதவிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். வேலைக் கட்டத்தில் நீ செய்ததை எல்லாம் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். தேதி, கம்பெனி பெயர், எத்தனை பேர் வேலை செய்தார்கள், எல்லாம் சரிபார்த்தேன். நர்சம்மாவிடம் கொடுத்து இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

கடைசியில் ஒரு கோடு. அதன் கீழே 'மேலதிகாரியின் கையொப்பம்' என்று அச்சடித்திருந்தது. பேனாவை வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்து வந்தேன். பிறகு நூலகத்தில் அளவுகோல் வாங்கி, அச்சுக்கு மேலே நேராக ஒரு கோடு இழுத்து அதை அடித்தேன். பக்கத்தில் 'அவருக்குக் கீழ் வேலை பார்த்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அச்சடித்ததை அடிக்கலாமா என்று தெரியாது. திருப்பி அனுப்பினால் இன்னொரு தாள் வாங்கி அனுப்பு. அதிலும் இப்படித்தான் எழுதுவேன்.

உன் அப்பா